ஏழாவது பாட்டுக்கு முன்னால் வரும் குரல்

சபையில் சவுண்டு பார்க்கிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, மைக் கத்தும்போது தவிர. நான் இந்த மெம்பிஸ் ஊரில், ஒரே கறுப்பர் சபையில், சவுண்டு மிக்சர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தலை நரைத்தவன். பாட்டு நன்றாக அமைந்தால் ஆவியானவர் இறங்கினார் என்பார்கள். அமையாவிட்டால் பிரூயிட் தூங்கிவிட்டான் என்பார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, ஐயா. பழகிப்போய்விட்டது.

எங்கள் சபை போட்ட ராப் ஆல்பத்தை நீங்களும் கேட்டிருப்பதாகச் சொன்னீர்கள். உங்கள் மகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் காரில் போடச் சொல்வாள் என்றும் சொன்னீர்கள். மனசு நிறைந்துவிட்டது. நாங்கள் ஆசைப்பட்டது அதற்குத்தான். பாஸ்டர் டில்லார்ட் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"பிரதர், தெருமுனையில நிக்கிற பயலும் இதக் கேக்கணும், அவன அடிச்சு சர்ச்சுக்கு இழுத்துட்டு வர்ற அவங்க பெரியம்மாவும் கேக்கணும். வெள்ளக்காரங்க ரேடியோவுலயும் போடணும். கெட்ட வார்த்த கூடாது, நரகம் கூடாது. கேட்டா மனசு எழும்பணும், அவ்ளோதான்."

"நரகமே இல்லாம ராப்பா, பாஸ்டர்?"

"நரகம் எப்படியிருக்கும்னு நாம சொல்லணுமா அவங்களுக்கு? அங்கதான குடியிருக்காங்க."

பாட வேண்டியவன் ஜவாரிஸ் ஓடம். இருபத்துநான்கு வயது. விமான நிலையத்தில் பார்சல் ஏற்றும் வேலை, ஞாயிற்றுக்கிழமை வாலிபர் கூட்டத்தில் ராப். அவன் வாயைத் திறந்தால் பின்வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்கூட நிமிர்வார்கள். அப்பன் யாரென்று அவன் கேட்டதில்லை, அவன் அம்மாவும் சொன்னதில்லை. அம்மாவும் பிள்ளையுமாக ஆரஞ்சு மவுண்ட் பகுதியில் ஒரு சின்ன வீடு.

அந்த அம்மாவைப் பற்றித்தானே கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். முறையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

ஜவாரிசின் அம்மா வெர்லீன் ஓடம் எங்கள் பாடகர் குழுவில், கொயரில், முதல் வரிசை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். வாய் ஜாஸ்தி. என் மனைவி லொரெட்டா என்னை விட்டுப் போன வருஷம், கொயர் முழுக்க இருக்கும்போதே சொன்னாள்: "பிரூயிட்டு, கல்யாணத்தன்னைக்கே நீ பொண்டாட்டி கையப் புடிக்கல, மைக் ஸ்டாண்டத்தான் புடிச்சிட்டு நின்ன. அவ இத்தன வருஷம் இருந்ததே அதிசயம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பதற்காகவே சொல்கிறேன்.

அவளுக்கு இதயம் பலவீனம். நுரையீரலில் நீர் கோக்கும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்குவாள். படுக்கையறையில் ஆக்சிஜன் மிஷின் ஒன்று உண்டு. மூச்சு முட்டினால் ஜவாரிஸ்தான் தூக்கி உட்காரவைத்து, குழாயை மாட்டி, சரிவராவிட்டால் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவான். ஆம்புலன்ஸ் என்றால் அவளுக்கு ஆகாது. "சைரன் போட்டு வருவான், தெருவே வாசல்ல நிக்கும். வீடு பெருக்காம கெடக்கும். மானம் போச்சு." அவள் அப்படித்தான்.

இப்போது என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. ராப் பதிவு செய்கிறவனுக்குப் பாதி வேலை மூச்சை வெட்டுவது. வரிக்கும் வரிக்கும் நடுவே பாடுகிறவன் இழுக்கும் காற்றைத் தேடித் தேடி எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் மாடு இரைவது போல இருக்கும். அதனால் எனக்கு மூச்சு தெரியும். ஓடிவந்தவன் மூச்சு, அழுதவன் மூச்சு, அழுததை மறைக்கிறவன் மூச்சு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பெருமைக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று. எங்கள் ராப் ஆல்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, அம்மாவோ பெரியம்மாவோ போனில் விட்டுவைத்த பேச்சைச் சேர்ப்பார்கள். 'சாப்பிட்டியா, சர்ச்சுக்குப் போனியா, அந்தப் பொண்ண இன்னும் சுத்திட்டு இருக்கியா' என்கிற மாதிரி. அது வந்தால்தான் கேட்கிறவனுக்கு வீட்டு வாசனை வரும். ஏழாவது பாட்டு அம்மாவைப் பற்றியது. அதற்கு முன்னால் வெர்லீனின் குரல் வேண்டும் என்று அவளை ஸ்டுடியோவுக்கு வரவழைத்தேன். பழைய ஞாயிறு பள்ளி அறையைத்தான் ஸ்டுடியோ ஆக்கியிருந்தோம். தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அன்பு மகனே ஜவாரிஸ், கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக," என்றாள், அறிவிப்பு வாசிக்கிற குரலில்.

"சிஸ்டர், வீட்டுல பேசற மாதிரி பேசுங்க."

"வீட்டுல பேசறத ரேடியோவுல போட முடியுமா? நீயே வெட்டிருவ."

"சும்மா அவனுக்குப் போன் போடற மாதிரி நெனச்சுக்கங்க."

"அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பல்ல இளிச்சிட்டு நிக்கறான், நான் போன் போடணுமா? பிரூயிட்டு, நான் என்ன சோப்பா விக்கறேன்?"

ஒன்றும் தேறவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஜவாரிஸ். மற்ற பாட்டெல்லாம் அருமையாக வந்திருந்தது. ஏழாவது மட்டும் வரவில்லை. 'அம்மா' என்ற வார்த்தை வந்தால் சிரித்துக்கொண்டே பாடுவான். அவனுக்குத்தான் அம்மா இருக்கிறாளே, வீட்டில் சோளரொட்டி சுட்டுவைத்துக் காத்திருக்கிறாளே, அவன் ஏன் அழப்போகிறான்? குரலில் ஒரு கீறலும் இல்லை. அந்தப் பாட்டு இல்லாவிட்டால் மொத்த ஆல்பமும் பல்பசை விளம்பரம்.

பாஸ்டர்தான் அடைப்பு ஜெபம் வைக்கலாம் என்றார். எங்கள் ஜனங்களுக்கு அது புதிதல்ல. சபைக் கதவைப் பூட்டிக்கொண்டு, வியாழன் சாயங்காலம் முதல் ஞாயிறு காலை வரை உபவாசம், ஜெபம். யாரும் வெளியே போவதில்லை, வெளியுலகப் பேச்சு வருவதில்லை. இந்தத் தடவை ஜெபத்தோடு பதிவும். மேலே பாஸ்டரும் ஜெபக் குழுவும், கீழே நானும் ஜவாரிசும். போன்களை எல்லாம் காணிக்கைக் கூடையில் போட்டு என்னிடம் தந்துவிட்டார்கள். எனக்குச் சர்க்கரை வியாதி, உபவாசம் இல்லை. அதனால் கூடைக்கும் வாசல் சாவிக்கும் நான் காவல்.

ஜவாரிஸ் மட்டும் போனைக் கொடுக்கத் தயங்கினான்.

"அங்கிள், அம்மா தனியா இருக்காங்க."

"நான் எதுக்குடா இருக்கேன்? உன் போன் என் கையிலதான் இருக்கும். தெனமும் போய்ப் பாக்கறேன். வீட்டுச் சாவியக் குடு."

"மூச்சு வாங்குச்சுன்னா எனக்கு உடனே சொல்லிருங்க. பாட்டு பாதியில நின்னாலும் பரவால்ல. சத்தியமா?"

சத்தியம் செய்தேன். அதை நான் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்கவும் செய்தேன். நன்றாகத்தான் இருந்தாள். எனக்கு ஒரு துண்டு கேக் வெட்டி வைத்தாள், சர்க்கரை வியாதிக்காரன் என்று தெரிந்தே. "சாவறதுன்னா இனிப்பா சாவு," என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் அந்தக் குரல் வந்தது. பையன் இரண்டு நாள் பட்டினி. உதடு வெடித்து, கண் உள்ளே போய், மைக்கின் முன்னால் நின்றான். முதல் வரி எடுத்ததுமே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முப்பது வருஷமாக அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் காத்திருந்த குரல் அது. நான் சும்மா ஒயர் சுற்றுகிறவன் இல்லை என்று ஊருக்குச் சொல்லப்போகிற குரல். அந்த நேரம் பார்த்து, கூடையில் அவன் போன் அதிர்ந்தது.

எடுத்தேன். அதைக் கவனியுங்கள். எடுக்காமல் விடவில்லை.

"யாரு, பிரூயிட்டா? எம்புள்ளயக் கூப்புடு. மூச்சு... ஏற மாட்டேங்குது."

"அவன் அப்பவே கெளம்பிட்டான், சிஸ்டர். நீங்க நெனச்சது அவனுக்குத் தோணிருச்சு போல."

"கெளம்பிட்டானா? இல்ல... நான் ஆம்புலன்ஸக் கூப்புடட்டா? இந்தத் தடவ வேற மாதிரி இருக்கு."

"எதுக்கு? அவன் கார் எடுத்தாச்சு. நீங்க யாரையும் கூப்பிட்டு அலட்டிக்காதீங்க. உக்காந்திருங்க."

"சரிப்பா. நீ சொன்னா சரி."

அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான். நிறுத்தியிருந்தால் அந்தக் குரல் போயிருக்கும். பால் பொங்குகிற நேரத்தில் அடுப்பை யாராவது அணைப்பார்களா? இன்னும் இரண்டு சரணம் இருந்தது. பாடி முடித்துவிட்டால் அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, செய்தி பதிவானதற்கான சின்ன விளக்கு எரிந்தது. ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். "ஜவாரிசு, எங்கடா வர்ற? மூச்சு ஏறல. கதவத் தெறந்து வச்சிருக்கேன். மெதுவா ஓட்டு, சாமி." நடுநடுவே அந்த மூச்சு. ஐயா, நான் பொய் சொல்லப்போவதில்லை. அது எந்த மூச்சு என்று எனக்குத் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. இத்தனை நாள் அவளிடமிருந்து வாங்க முடியாத குரல் இதுதான். அறிவிப்பு இல்லை, தொப்பி இல்லை, கையுறை இல்லை. ஒரு தாய் பிள்ளையைக் கூப்பிடுகிறாள்.

ஜவாரிஸ் தண்ணீர் குடிக்க வெளியே வந்தான். "அம்மா எப்படி இருக்காங்க அங்கிள்?"

"இப்பத்தான் பேசுனேன். பாட்ட முடிச்சிட்டு வரச் சொன்னாங்க."

"அப்படியா சொன்னாங்க?" முகமெல்லாம் சிரிப்பு. எனக்குப் பயம் வந்துவிட்டது, அந்தச் சிரிப்பு பாட்டுக்குள் போய்விடுமோ என்று. நல்லவேளை, போகவில்லை. பதிவு மிஷினை ஓடவிட்டு, "நீ பாடிட்டே இரு, நான் ஐஸ் வாங்கிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன், நாற்காலியில் இருந்தபடியே கர்த்தருக்குள் தூங்கியிருந்தாள் என்று அன்றைக்கு எல்லாரிடமும் சொன்னேன். உங்கள் ஆட்களிடமும் அதைத்தான் சொன்னேன். வியாதிக்காரி, வயதானவள், யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. ஜவாரிஸ் என் தோளில் விழுந்து அழுதான். "நல்லா இருக்காங்கன்னு சொன்னீங்களே அங்கிள்," என்றான். "நல்லாத்தாண்டா இருந்தாங்க. ராத்திரி எப்பவோ அழைப்பு வந்திருக்கு," என்றேன்.

அடக்கம் முடிந்து, கோழி வறுவலும் ஸ்பகெட்டியும் சாப்பிட்டு எல்லாரும் கலைந்த பிறகு, அவனைத் தனியாகக் கூப்பிட்டு அந்தப் பேச்சைப் போட்டுக்காட்டினேன். வெட்டி ஒட்டி வைத்திருந்தேன். அவள் வாரம் பூராவும் உன் போனில் விட்டுவைத்த பேச்சு, அங்கங்கே எடுத்துச் சேர்த்தேன் என்றேன். 'எங்கடா வர்ற' போய்விட்டது. 'மூச்சு ஏறல' போய்விட்டது. மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: "ஜவாரிசு. கதவத் தெறந்து வச்சிருக்கேன். மெதுவா ஓட்டு, சாமி." பிறகு அந்த இரைப்பு. பிறகு, "வந்தாச்சா... ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம், இயேசுவே." அதன்மேல் ஏழாவது பாட்டின் ஆர்கன் எழும்பும்.

வாழ்நாளில் முதல் தடவையாக மூச்சை வெட்டாமல் விட்டேன்.

அதை ஜனங்கள் எப்படிக் கேட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் சபைகளில் ஆவியில் நிறைந்தவர்கள் அப்படித்தான் இரைப்பார்கள். பாதி மூச்சு, பாதி வார்த்தை, பிறகு ஸ்தோத்திரம். பாஸ்டர் முதல் தடவை கேட்டுவிட்டு முழங்காலில் விழுந்தார். "பிரதர், அவங்க கர்த்தரப் பாத்துட்டாங்க. வாசல்ல அவரு வந்து நின்னதப் பாத்துட்டாங்க," என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. பாஸ்டரோடு வாதாடுகிற வழக்கம் எனக்கு இல்லை. ஆல்பத்துக்குப் பெயர்கூட அதிலிருந்துதான் வைத்தார்: 'கதவு திறந்திருக்கிறது'.

அப்புறம் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடங்களின் ஃபுட்பால் ஆட்டத்தில் போட்டார்கள். மளிகைக் கடையில், பல் டாக்டர் கிளினிக்கில் போட்டார்கள். கிராமத்து வெள்ளைக்காரச் சபைகளில் கொடியாட்டி ஆடினார்கள். நாஷ்வில்லில் ஒரு தற்கொலைத் தடுப்புச் சங்கம், மனம் உடைந்து போன் பண்ணுகிறவர்களைக் காத்திருக்க வைக்கும்போது அந்தப் பாட்டைத்தான் போடுகிறதாம். சிறையில் இருக்கிற ஒரு பையன், அந்த அம்மாவின் இரைப்பைக் கேட்டு மனம் திரும்பினேன் என்று எழுதியிருக்கிறான். ஒரு தராசில் இதையெல்லாம் வையுங்கள். மறு தட்டில், டாக்டர்களே கைவிரித்திருந்த ஒரு பெண்ணின் ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருஷம். தராசு எந்தப் பக்கம் தாழும்? நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

என் பெயரும் வந்தது. விருது மேடையில் ஜவாரிஸ், "எங்கம்மா போனப்புறம் எனக்கு இருக்கற ஒரே சொந்தம் எங்க அங்கிள் பிரூயிட்டுதான்," என்றான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மைக் கத்தவில்லை.

நான் செய்த தப்பு ஒன்றே ஒன்று. சவுண்டுக்காரன் அசல் பதிவை அழிக்க மாட்டான். கொலை செய்யச் சொன்னாலும் செய்வான், அசலை அழிக்க மாட்டான். போனிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் மட்டும் விட்டுவைத்திருந்தேன். அம்மா போய் வருஷம் திரும்புகிறதே, சபையில் போட அவள் குரலை இன்னும் கொஞ்சம் தேடலாம் என்று பையன் நான் இல்லாதபோது திறந்திருக்கிறான். அவனுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். நன்றாகக் கற்றுக்கொண்டான்.

கடைசிச் செய்தியை அவன் உங்களுக்குப் போட்டுக்காட்டியிருப்பான். நான் ஐஸ் வாங்கப் போகிறேன் என்று கிளம்பியபோது அவன் போனைக் கூடையில் விட்டுவிட்டுத்தான் போனேன். அவள் திரும்ப அடிப்பாள், யாரும் எடுக்காவிட்டால் பதிவாகும் என்று தெரியும். பதிவானது. அதில் ஒருக்களித்திருந்த கதவு கிரீச்சிடுகிற சத்தம் இருக்கிறது. அதற்கப்புறம் அவள் சொல்வது, "பிரூயிட்டு... வந்தாச்சா... ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம், இயேசுவே." என் பெயரை மட்டும்தான் எடுத்தேன். நாடு முழுக்கக் கர்த்தருக்குச் சொன்னதாகக் கேட்டு அழுகிறதே, அந்த ஸ்தோத்திரம் என்னைப் பார்த்துச் சொன்னது.

ஆமாம், ஞாயிற்றுக்கிழமை இல்லை. சனிக்கிழமை மத்தியானமே போனேன். நல்ல வெயில். அடுப்படியில், நாற்காலியில், மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. போன் அவள் மடியில் ஓடிக்கொண்டிருந்தது. படுக்கையறைப் பக்கம் கையைக் காட்டினாள், மிஷினைக் கொண்டுவரச் சொல்லி. அந்த மிஷின் ஓடினால் ஒரு இரைச்சல் வரும், ஐயா. பதிவில் விழுந்தால் எடுக்கவே முடியாது. போன் தானாகத் துண்டாகும் வரை வாசலில் அப்படியே நின்றேன்.

பிறகு அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஜவாரிசு எங்க?" என்றாள்.

"பாடிட்டு இருக்கான், சிஸ்டர். இன்னைக்கு மாதிரி அவன் என்னைக்கும் பாடுனதில்ல. நீங்க கேக்கணுமே."

என்னைப் பார்த்தாள். அப்புறம் அவள் எதுவும் பேசவில்லை. அவளை மாதிரி வாயுள்ளவள் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்கிறீர்கள். பிழைத்திருக்கலாம். ஆனால் அவர்கள் முதலில் பிள்ளைக்குத்தானே சொல்வார்கள், அவன் ஓடி வந்திருப்பான், கடைசிச் சரணம் நின்றுபோயிருக்கும்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். அம்மா தனியாகக் கிடந்து செத்தாளே, தனியாகக் கிடந்து செத்தாளே என்று அந்தப் பையன் இத்தனை நாளும் அழுதுகொண்டிருக்கிறான். எனக்கே தாங்கவில்லை. அவள் தனியாக இல்லை என்று அவனிடம் சொல்லுங்கள். நான் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். போனை எடுக்க எவ்வளவோ இழுத்துப் பார்த்தாள், கடைசி வரை நான் கையை விடவே இல்லை. அதைக் கேட்டால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.